மலைநாட்டில் முதுமை அடையும் நாய்: மூட்டுவலிக்கு முதலில் செய்ய வேண்டியவை

தோட்டத்தில் ஒரு கிழட்டு நாய் நொண்ட ஆரம்பித்தால், "அதுக்கு வயசாயிருச்சு, இனி அப்படித்தான்" என்ற ஒரே பேச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. வயது ஒரு நோயின் பெயர் கிடையாது. படுத்த நாய் எழும்பத் தாமதிக்கிறது, படி ஏறாமல் கீழேயே நின்று பார்க்கிறது, பிள்ளைகள் தொட்டால் உறுமுகிறது என்றால் அதற்கு வலிக்கிறது என்று பொருள். அந்த வலிக்குப் பெரும்பாலும் ஒரு காரணமும் உண்டு: மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு உள்ளுக்குள் அழற்சி கண்டிருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்த்தெடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மூட்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு வலிக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை நாயின் எடை, அது படுக்கும் தரை, ஏறி இறங்கும் படி, நடக்கும் தூரம் ஆகியவைதான். இந்த நான்கும் வீட்டார் கையில் இருக்கின்றன. மாத்திரைக்கும் இடம் உண்டு. அந்த இடம் இந்த நான்கையும் சரிசெய்ததற்கு அடுத்தது.

"வலி இருந்தால் கத்துமே" என்று கேட்பார்கள். காலை யாராவது மிதித்தால் நாய் கத்தும். மாதக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் வலிக்கு அது கத்துவதில்லை. நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே காதைவிடக் கண்ணுக்கு அதிக வேலை. காலையில் எழும்பியதும் முதல் பத்துப் பதினைந்து எட்டு விறைப்பாக வைத்துவிட்டுப் பிறகு சரளமாக நடக்கிறதா என்று பாருங்கள். "நடக்க நடக்கச் சரியாயிடுது" என்று பலர் ஆறுதல் அடைகிற அந்த மாற்றம்தான் மூட்டுத் தேய்வின் அடையாளம். ஒரே மணிக்கட்டை ஓயாமல் நக்கி அங்குள்ள மயிர் பழுப்பேறியிருக்கலாம். கடுவன் நாய் காலைத் தூக்காமல் நின்றபடியே சிறுநீர் கழிக்கத் தொடங்கியிருக்கலாம். எந்தக் கால் என்று அறிய, மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் ஒருவர் நாயை மெதுவாக நடத்த, நீங்கள் பக்கவாட்டில் நின்று தலையைக் கவனியுங்கள். முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் பதியும்போது தாழும். பின்காலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வலிக்கிற பக்கத்து இடுப்பு மற்றதைவிடத் தூக்கித் தூக்கி அசையும். பிறகு நாயை நிறுத்தி இரண்டு கைகளாலும் இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தொடை சதை வற்றி மெலிந்திருந்தால், அந்தக் காலை நாய் பல வாரங்களாகவே சரியாக ஊன்றவில்லை.

நாய் வளர்ப்பு பற்றிய நூல்கள் பெரும்பாலும் சமதரை வீட்டை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் வாரக்கணக்கில் எதுவும் காய்வதில்லை. லயத்துக்குப் போகும் வழியோ பாசி பிடித்த கருங்கல் படிகள். நிற்கும்போதே நாயின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது அது இன்னும் கூடும். ஏறும்போது சுமை பின்னால் போய் இடுப்பையும் முழங்காலையும் அழுத்தும். காலையில் மலைக்குப் போகிறவர் பின்னாலேயே ஓடி, மத்தியானம் திரும்பி, மறுபடியும் ஏறுகிற நாய்க்குச் சமதரையில் வாழும் நாயைவிட மூட்டு வேலை பல மடங்கு. குளிர்தான் மூட்டைத் தேய்க்கிறது என்று சொல்ல முடியாது. ஈரமான சிமெந்துத் தரை இரவு முழுவதும் உடல் சூட்டை உறிஞ்சும்போது தசை இறுகி, விடியற்காலையில் எழும்புவதே பெரும்பாடாகிறது என்பது மட்டும் நிச்சயம்.

இனி எடை. நாய்களின் மூட்டு பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளிலேயே வலுவானது இதற்குத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 வருடம், மற்றவற்றுக்கு 11.2. அதைவிட நமக்கு முக்கியமானது அடுத்த கணக்கு. நிறையச் சாப்பிட்ட கூட்டத்தில் பாதி நாய்களுக்கு 10.3 வயதிலேயே மூட்டுத் தேய்வுக்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்டது. மெலிந்த கூட்டத்தில் அந்த நிலை 13.3 வயதில்தான் வந்தது. மூன்று வருட நிம்மதி என்பது ஒரு நாயின் வாழ்வில் சிறிய விஷயமே இல்லை. அது குட்டியிலிருந்தே அளந்து வளர்த்த நாய்களின் கதை, ஏற்கெனவே நொண்டுகிற நாய்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. மூட்டுத் தேய்வு கண்ட 14 பருத்த நாய்களை வைத்து நடத்தி 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தபோதே நொண்டல் தெளிவாகக் குறைந்தது. 20 கிலோ நாய்க்கு அது வெறும் 1.2 கிலோ.

"தோட்டத்து நாய்க்கு ஏது கொழுப்பு, அது எலும்பும் தோலுமாத்தானே இருக்கு" என்ற மறுப்பில் பாதி நியாயம் உண்டு. லயத்து நாய்களில் பல மெலிந்தவைதான். அவற்றின் சாப்பாட்டில் கை வைக்கவே கூடாது. ஆனால் கருத்தடை செய்யப்பட்டு, டவுன் கடைகளின் பின்புறம் பாணும் பணிசுமாக வளரும் நாயும், ஓடியாட முடியாமல் அடுப்படியிலேயே கிடந்து வீட்டில் எல்லோர் தட்டிலிருந்தும் ஒரு துண்டு ரொட்டி வாங்கும் கிழட்டு நாயும் மெலிவதில்லை. விலாவில் விரல்களை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசு இருந்தால், கழுவிய சாக்கில் நான்கு ஓட்டை போட்டுக் கால்களை வெளியே விட்டு நாயை அப்படியே தூக்கி நிறுத்துவிடலாம். மாதம் ஒருமுறை நிறுத்துச் சுவரில் மாட்டிய கலண்டரில் எழுதி வையுங்கள்.

கிழவயதில் பட்டினி போடுவது கொடுமை இல்லையா என்று தயங்குகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தட்டு நிறைந்தே இருக்கட்டும். நிறைக்கிற பொருள் மாறினால் போதும். சோற்றிலும் ரொட்டியிலும் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் உப்பில்லாமல் அவித்த கரட், பூசணி, போஞ்சி போடுங்கள். முட்டை, மீன், கோழி என்று எது முடிகிறதோ அதைக் குறைக்காதீர்கள். மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தசை, தசைக்குப் புரதம் வேண்டும். இங்கே நுவரெலியாக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது லீக்ஸ். கழித்துப்போட்ட லீக்ஸ் தழையைக் கரட் தழை மாதிரி நாய்ச் சோற்றில் வேகவைத்துவிடாதீர்கள். லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே குடும்பம். நாயின் சிவப்பு இரத்த அணுக்களை அவை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. கருவாட்டுத் தலையும் உப்பு மிகுதியால் முதிய சிறுநீரகத்துக்கு ஆகாது.

எடை குறைய மாதங்கள் பிடிக்கும். தரையை இன்றைக்கே மாற்றலாம். நாய் படுக்கும் இடத்தைச் சிமெந்திலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்துங்கள். இரண்டு கட்டைமேல் அடித்த பலகை போதும். அதன்மேல் பொலித்தீன் சுற்றிய பழைய மெத்தைத் துண்டு, அதற்கு மேல் கிழிந்த கம்பளி. உரச் சாக்கை விரிப்பதானால் பல தண்ணீர் அலசி வெயிலில் காயவைத்த பிறகுதான். ஒட்டியிருக்கும் யூரியாவை நாய் நக்கும். இஸ்தோப்பின் திறந்த ஓரத்தைவிட உட்சுவர்ப் பக்கம் சாரல் படாது. வழுக்கும் தரையில் படுக்கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை சாக்கை விரித்துவிட்டால், எழும்பும்போது பின்கால்கள் விரிந்துகொண்டு போவது நிற்கும். நீளமான நகங்களை வெட்டிவிடுங்கள். நடக்கும்போது சிமெந்தில் நகம் டக் டக்கென்று கேட்டால் அது நீளம்தான், பாதம் பதியும் கோணத்தையே அது மாற்றிவிடுகிறது. வாசற்படி இரண்டு மூன்றுதான் என்றால் சாக்கு அடித்த அகலப் பலகையைச் சாய்வாகப் போடலாம். லயத்துக் கற்படி முழுவதற்கும் பலகை போட முடியாது. அங்கே ஒரு பழைய சாரம் உதவும். சாரத்தை நீளவாக்கில் நாலாய் மடித்து, பின்தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்து ஒரு கையில் பிடியுங்கள். தூக்க வேண்டாம். நாய் தானே ஏறட்டும். பின்னுடம்பு சரியும் கணத்தில் மட்டும் சாரம் தாங்க வேண்டும்.

வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா? புதிதாக அடிபட்டிருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும். நாட்பட்ட தேய்வுக்கு முழு ஓய்வு கெடுதல். கட்டிப்போட்ட நாயின் தொடைச் சதை சில வாரங்களிலேயே வற்றும்; சதை வற்றினால் மூட்டு இன்னும் ஆடும்; ஆடினால் இன்னும் வலிக்கும். ஆறு நாள் கட்டிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலையெல்லாம் ஓடவிடுவது அதைவிட மோசம். ஒரே அளவாகத் தினமும் நடப்பதுதான் மூட்டுக்குப் பிடிக்கும்: சமமான ரோட்டில், கயிற்றில் பிடித்து, மெதுவாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம். மறுநாள் காலை விறைப்புக் கூடியிருந்தால் நேற்றைய நடை அதிகம். புறப்படும் முன் கைபொறுக்கும் சூட்டில் உப்பு ஒத்தடம் பத்து நிமிடம் கொடுத்தால் முதல் எட்டுகள் இலகுவாகும். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். தைலமோ வலிக்குப் பூசும் பாமோ தடவாதீர்கள். நாய் அதை நக்கும். அதிலுள்ள கற்பூரமும் சாலிசிலேட்டும் உள்ளே போனால் விஷம்.

திடீரென்று வந்த நொண்டலை மேலே சொன்னவற்றோடு சேர்க்கக் கூடாது. நேற்று வரை நடந்த நாய் இன்று பின்காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால், முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார் கிழிந்திருக்கலாம்; விளையாட்டு வீரர்களுக்கு ஏசிஎல் கிழிந்ததாகச் செய்தி வருமே, அதே நார். நாய்களுக்கு அது பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. வருடக்கணக்கில் நைந்து, கானைத் தாண்டும் ஒரு சின்னத் தாவலில் விட்டுப்போகும். அறுவைச் சிகிச்சை செய்ய வசதியில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 1984இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவை செய்யாமல் விட்ட 85 நாய்களைப் பின்தொடர்ந்தது. 15 கிலோவும் அதற்குக் குறைவுமானவற்றில் 28க்கு 24 நன்றாகவோ தேறியோ இருந்தன. அதைவிடப் பெரியவற்றில் 57க்கு 11 மட்டுமே. ஆகவே சிறிய நாட்டு நாய்க்கு, ஆறு வாரமாவது கயிற்றில் கட்டிய அளவான நடமாட்டமும் எடைக் கட்டுப்பாடும் மெய்யான சிகிச்சைதான். பெரிய நாய்க்கு அந்த நம்பிக்கை குறைவு. அதற்கு அறுவை பற்றி வைத்தியரிடம் விசாரிக்க வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு காயம் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி ஒரு சுருக்கில் மாட்டிச் சில நாட்களில் இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அதே கம்பிகள் நாய்களின் கால்களையும் இறுக்குகின்றன. கம்பியைக் கழற்றியதும் கால் சரியாகிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இறுகியபோது இரத்த ஓட்டம் நின்ற தசை அடுத்த நாட்களில்தான் கறுக்கத் தொடங்கும். பாதம் குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

எல்லா நொண்டலும் மூட்டுத் தேய்வு இல்லை. உண்ணிக் காய்ச்சல் இலங்கையில் சாதாரணம். சோர்வு, வெளிறிய ஈறு, பல கால்களில் மாறி மாறி விறைப்பு என்று வந்தால் இரத்தம் பார்க்க வேண்டும். மருந்தால் தேறக்கூடிய நோயை முதுமை என்று எழுதிவைத்துவிடக் கூடாது. அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் நீரிழிவையும் சந்தேகிக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய், சூடு வந்து சில வாரங்களில் இப்படித் தண்ணீர் குடித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், கருப்பைக்குள் சீழ் கட்டியிருக்கலாம்; அது நாள் கணக்கில் உயிரைக் குடிக்கும் அவசரம். குணம் திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் பின்கால் இழுத்தால் வாய்க்குள் கை விடாதீர்கள். விசர் நோய் அப்படியும் வரும். கிழ நாய்தானே என்று வருடாந்த விசர் தடுப்பூசியை நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். அரசாங்கம் அதை இலவசமாகவே போடுகிறது.

இப்போது மாத்திரை. எடை, படுக்கை, படி, நடை நான்கையும் சரிசெய்த பிறகும் பல நாய்களுக்கு வலிமருந்து வேண்டியிருக்கும். அதை மறுப்பது கருணையாகாது. இந்த அத்தியாயம் எதிர்ப்பது வீட்டு அலுமாரியிலிருந்து எடுக்கும் மருந்தை. மெலொக்சிகம் என்பது மனிதருக்கும் நாய்க்கும் கொடுக்கப்படும் வலிமருந்து. தொடர்ந்து கொடுக்கும் அளவு நாயின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 12 கிலோ நாய்க்கு 1.2 மில்லிகிராம். பாமசியில் மனிதருக்கு விற்கும் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். ஒரு பெரிய மாத்திரையைப் பாணில் வைத்துக் கொடுத்தால் பன்னிரண்டு நாளுக்கு மேற்பட்ட மருந்து ஒரே வேளையில் உள்ளே போகிறது. இபுபுரொஃபனும் டைக்ளோஃபெனக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெனடோல் அளவு மீறினால் ஈரலை அழிக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடலாம். "நான் கொடுத்தேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர் பார்த்தது வெளியே தெரிந்ததை மட்டும். வைத்தியர் மருந்து எழுதும் முன், ஏற்கெனவே ஸ்டீரொயிட் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகலாம். மருந்து கொடுக்கும் நாட்களில் வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டு மறுப்பு எது கண்டாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். குளுக்கோசமின் மாத்திரைக்குக் காசை இறைக்க வேண்டாம்; 2022இல் வெளியான விரிவான மீளாய்வு அதில் பயனில்லை என்றே கண்டது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்கு ஓரளவு சான்று உண்டு.

நாள் சம்பளத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் முடியுமா என்ற கேள்வி நேர்மையானது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் பலகையும் சாக்கும் பழைய சாரமும் போதும் என்பதுதான் என் வாதத்தின் பலமே. வைத்தியருக்கு, பிரதேசத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு அங்கே பழக்கம் இருக்கும். எக்ஸ்ரே, அறுவை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உண்டு. நுவரெலியாவிலிருந்து, பேராதனைக்குப் பக்கத்திலுள்ள கண்டி சுமார் 77 கிலோமீட்டர், றம்பொடை வளைவுகளைத் தாண்டி. வலியுள்ள நாய்க்கு அது நீண்ட பயணம். போவதற்கு முன் நாய் நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்நிய இடத்தில் பயந்த நாய் நொண்டாமல் நடந்துகாட்டிவிடும். வைத்தியருக்கு உண்மையைச் சொல்வது அந்தப் படம்தான்.

இரவில் கிழ நாயை வெளியே கட்டாதீர்கள். சிறுத்தை நடமாடும் மலைகளில் ஓட முடியாத நாய் எளிதான இரை. சங்கிலியில் இருந்தால் அதற்கு வழியே இல்லை. மூளை தளர்ந்த சில முதிய நாய்கள் இருட்டில் காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி நடக்கும், மூலையில் மாட்டிக்கொண்டு குரைக்கும். அதட்டுவதால் அது நிற்காது. ஒரு சின்ன விளக்கும், கதவடைத்த அறையும், படுக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப்போவதும் கொஞ்சம் உதவும்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு நாள் போதாமல் போகும். எழும்ப முடியாமல் தன் சிறுநீரிலேயே கிடக்கிறது, மருந்துக்கும் மூச்சிரைப்பு அடங்கவில்லை, சாப்பாட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றால், கலண்டரில் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் வேறு வேறு குறி போட்டு வாருங்கள். கெட்ட நாட்கள் மிஞ்சிவிட்டால் வைத்தியரிடம் கருணைக்கொலை பற்றிக் கேட்பதில் தவறில்லை. உயிரை எடுப்பது பாவம் என்று நம்புகிறவர்களின் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஆறாத வலியோடு வாரக்கணக்கில் கிடத்துவதும், தூரத்துச் சந்தையிலோ கோயிலடியிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அந்தப் பாவத்திலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. அவை நாயின் வேதனையை நம் கண்ணிலிருந்து மறைக்கின்றன, அவ்வளவே. வைத்தியர் செய்வது அளவுக்கு மேல் மயக்க மருந்து ஏற்றுவது. நாய் முதலில் உணர்விழக்கும், மூச்சு நிற்பது அதன் பிறகுதான். வீட்டுக்கு வர முடியுமா, செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழியையும் யோசித்து வைக்க வேண்டும். பீலிக்கு நீர் வரும் ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக, தள்ளியிருக்கும் இடத்தில், குறைந்தது நான்கடி ஆழம் வெட்டி, மண் மூடியதும் பெருங்கற்களை அடுக்குங்கள். அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும். காட்டுப்பன்றியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும்.